பேப்பர் போடுவதற்கு முன்பே பேசுங்கள்: ஐ.டி. டீமில் ஆட்களைத் தக்கவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். முழுக்க ராஜினாமாவுக்கு 'பேப்பர் போடுவது' என்றுதான் பெயர். ஒருவர் பேப்பர் போட்ட அன்றைக்கு மேனேஜர் பதறிப்போய் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார். "என்ன பிரச்சினை, சொல்லுங்க, சரி பண்ணிடலாம்" என்பார். அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேப்பர் போடும்போது கையில் இன்னொரு கம்பெனியின் ஆஃபர் இருக்கிறது. ஆஃபருக்கு முன்னால் மூன்று நான்கு சுற்று இன்டர்வியூ. அதற்கு முன்னால் பழைய ரெஸ்யூமேயைத் தூசி தட்டி நவுக்ரி வேலைத் தளத்தில் ஏற்றிய ஓர் இரவு. அதற்கும் முன்னால், 'இங்கே இனி வேலைக்கு ஆகாது' என்று மனசு முடிவெடுத்த ஒரு நாள். அந்த நாளுக்கும் பேப்பர் போட்ட நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக ஓடியிருக்கும். தக்கவைக்கிற வேலை எல்லாமே அந்த நாளுக்கு முன்னால் நடக்க வேண்டியது.

நான் இந்தத் துறையில் பதினேழு வருடம் இருக்கிறேன், அதில் கடைசி ஒன்பது வருடம் டீம் நடத்துகிறேன். 2021 கடைசியில் தொடங்கி ஆறே மாதத்தில், பதினோரு பேர் டீமில் ஐந்து பேரை இழந்தேன். இரண்டு பேர் எப்படியும் போயிருப்பார்கள்: ஒருவர் மேல்படிப்புக்கு, ஒருவர் கல்யாணமாகி வெளிநாட்டுக்கு. மீதி மூன்று பேர் போயிருக்க வேண்டியதே இல்லை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த மூவரிடம் கற்றது. சின்ன கம்பெனி நடத்துபவர்களுக்கும், பெரிய கம்பெனிக்குள் ஒரு டீமைப் பார்த்துக்கொள்ளும் லீட்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கடந்த 12 மாதத்தில் தாமாக விலகியவர்கள் எத்தனை பேர் என்று எடுங்கள். அதைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். தொடக்கத்தில் 40 பேர், முடிவில் 44 பேர் என்றால் சராசரி 42. ஒன்பது பேர் போயிருந்தால் அட்ரிஷன், அதாவது ஆட்கள் விலகும் விகிதம், 21.4 சதவீதம். அப்புறம் கடைசி மூன்று மாதத்தை மட்டும் தனியாக எடுத்து, நான்கால் பெருக்கிப் பாருங்கள். அந்த ஒன்பதில் மூன்று பேர் கடைசிக் காலாண்டில் போயிருந்தால் வேகம் ஆண்டுக்கு 28 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் எண் நிலைமையைச் சொல்லும், இரண்டாவது எண் அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும்.

மொத்த எண் மட்டும் போதாது. போனவர்களை மூன்று விதமாகப் பிரியுங்கள். யார் போனதால் நிஜமாகவே கை ஒடிந்தது? சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் போனவர்கள் எத்தனை பேர்? எந்த லீடின் கீழிருந்து போனார்கள்? ஒன்பதில் ஐந்து பேர் ஒரே லீடின் டீமிலிருந்து போயிருந்தால் சம்பளத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு அந்த லீடோடு உட்காருங்கள். ஒரு வருடத்துக்குள் போனவர்கள் அதிகம் என்றால், ஆள் எடுக்கும்போது சொன்ன வேலைக்கும் கொடுத்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் அட்ரிஷன் 28.4 சதவீதம். அதே ஆண்டு செப்டம்பர் காலாண்டில் டி.சி.எஸ். 21.5 சதவீதம். 2024 நடுவில் இரண்டுமே 12, 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. இதைப் பார்த்து, ஊழியர்கள் இப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பின் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் கொட்டிய பணம் குறைந்தது, ஸ்டார்ட்அப் முதலீடு வற்றியது, ஆள் எடுப்பது நின்றது. வெளிவாசல் மூடியிருந்ததால் பலர் உள்ளே இருந்தார்கள். உங்கள் எண் குறைவாக இருக்கும் காலம்தான் மற்ற படிகளைச் செய்ய நல்ல நேரம்.

படி 2: ஒருவர் போனால் எவ்வளவு போகிறது என்று எழுதிப் பாருங்கள்

இந்தக் கணக்கை ஃபைனான்ஸிடம் காட்டாமல் எந்தச் சம்பளத் திருத்தமும் வாங்க முடியாது. ஓர் உதாரணம் போடுகிறேன், உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 14.4 லட்சம் சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் சம்பளச் செலவு) வாங்கும் சீனியர் டெவலப்பர் போகிறார். அவர் இடத்துக்கு வருபவர் 30 சதவீதம் கூடக் கேட்பார்: 18.72 லட்சம், அதாவது ஆண்டுக்கு 4.32 லட்சம் கூடுதல். கன்சல்டன்சி வழியாக எடுத்தால் கமிஷன் பொதுவாக ஒரு மாதச் சம்பளம், அதாவது 8.33 சதவீதம்: 1.56 லட்சம். அந்த இருக்கை இரண்டு மாதம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். அவர் வேலைக்கு க்ளையன்ட் தரும் மாத பில்லிங் 3.4 லட்சம் என்றால் 6.8 லட்சம் வராமல் போகும். அந்த இரண்டு மாதம் சம்பளம் 2.4 லட்சம் மிச்சமாவதைக் கழித்தால் 4.4 லட்சம். புதியவர் ப்ராஜெக்ட்டின் கோடிங்கைப் புரிந்துகொள்ளும் முதல் மூன்று மாதம் பாதி வேலைதான் நடக்கும்: இன்னொரு 2.34 லட்சம். கூட்டினால் 12.62 லட்சம்.

போனவர் கேட்டது 20 சதவீத ஹைக், அதாவது சம்பள உயர்வு. அதன் செலவு ஆண்டுக்கு 2.88 லட்சம்.

இந்தக் கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சிஸ்டம்) விழுந்தால் எந்த ஜாப்பை முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது.

படி 3: யார், எப்போது கிளம்புவார்கள் என்று ஒரு காலண்டர் போடுங்கள்

டீமில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அடுத்த 12 மாதத்தில் வரப்போகும் திருப்பங்களை எழுதுங்கள். இதற்கு ஓர் எக்ஸெல் ஷீட் போதும், தனி மென்பொருள் வேண்டாம்.

ஃபிரெஷர்கள் ஒன்றரை, இரண்டு வருடத்தில் கிளம்புகிறார்கள். பெரிய கம்பெனிகளில் ஃபிரெஷர் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தச் சம்பளத்தில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) வாடகையும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பி, கல்விக் கடனும் அடைக்கும் பிள்ளை, இரண்டு வருட அனுபவத்துக்கு வெளியே இரண்டு மடங்கு கிடைக்கும்போது போகாமல் என்ன செய்யும்? மூன்றிலிருந்து ஆறு வருட அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் சந்தையில் எப்போதும் கிராக்கி. அப்ரைசல் கடிதம் கையில் வந்த வாரம் இன்னொரு திருப்பம். வெளிநாட்டு க்ளையன்ட் இடத்துக்குப் போகும் ஆன்சைட் வாய்ப்பு கையருகே வந்து நழுவியது, ப்ராஜெக்ட் முடிந்து வேலை இல்லாமல் பெஞ்சுக்கு வந்தது, கூட வேலை பார்த்த நண்பர் போனது, வீடு வாங்கி இ.எம்.ஐ. தொடங்கியது, குழந்தை பிறந்தது, இவை எல்லாமே எழுத வேண்டியவை. நிரந்தரப் பணியில் ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உறுதியாகிவிடும் என்பதால், ஐந்தாம் ஆண்டு நிறைவுக்காகக் காத்திருந்து கிளம்புபவர்களும் உண்டு.

ஒருவர் பெயருக்கு எதிரே ஒரே காலாண்டில் இரண்டு திருப்பம் விழுந்தால், அவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

படி 4: போகிறவரிடம் கேட்பதை, இருப்பவரிடம் கேளுங்கள்

எக்ஸிட் இன்டர்வியூவில் யாரும் உண்மை சொல்வதில்லை. ரிலீவிங் லெட்டர் கைக்கு வர வேண்டும், நாளைக்கு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு இதே ஹெச்.ஆர்.தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் "பெட்டர் ஆப்பர்ச்சுனிட்டி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்மை வேண்டுமென்றால், ஒருவர் மனசில் போகும் எண்ணம் இல்லாத காலத்திலேயே கேட்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொருவரோடும் நாற்பது நிமிடம். ஸ்டேட்டஸ் கால் வேறு, இது வேறு. ஜிரா டிக்கெட், அதாவது அன்றாட வேலைப் பட்டியல், பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. ஆபீஸுக்குள் வேண்டாம், கீழே டீக்கடைக்குப் போங்கள், இல்லை கேம்பஸைச் சுற்றி நடங்கள். என் கேள்விகள் இவ்வளவுதான்:

"காலைல கிளம்பும்போது எந்த வேலைய நினைச்சா அலுப்பா இருக்கு?"

"போன மூணு மாசத்துல புதுசா என்ன கத்துக்கிட்டீங்க?"

"நான் ஏதாவது சொல்லிட்டு செய்யாம விட்டிருக்கேனா?"

"வெளிய இருந்து கால் வந்தா, எது சொன்னா நீங்க யோசிப்பீங்க?"

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது, அதுதான் முக்கியமானதும். போன மூவரில் ஒரு தம்பி, பழைய மெயின்ஃப்ரேம் சப்போர்ட் வேலையில் இருந்தவர், அப்புறம் ஒருநாள் போனில் சொன்னார்: "அக்கா, கிளவுட் ப்ராஜெக்ட்டுக்கு மாத்துறேன்னு நீங்க சொன்னது மார்ச்ல. நான் ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தேன். திரும்பக் கேட்டா தொல்லை பண்ற மாதிரி இருக்கும்னு கேக்கல." எனக்கு அந்த வாக்குறுதி ஞாபகமே இல்லை. நடந்துகொண்டே சொன்ன ஒரு வாக்கியம் அது. அவர் அதை நம்பி ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்த அன்றே இரண்டு வரி மெயில்: என்ன பேசினோம், நான் என்ன செய்கிறேன், எந்தத் தேதிக்குள். செய்ய முடியாததை 'பார்க்கலாம்' என்று சொல்வதில்லை, முடியாது என்றே சொல்கிறேன். முடியாது என்று கேட்டவர்கள் அதற்காக மட்டும் போனதை நான் பார்த்ததில்லை. பார்க்கலாம் என்று கேட்டவர்கள் போயிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சில் கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். 'அவர் வெளியே தேடுகிறார்' என்று ஹெச்.ஆரிடம் ஒரு முறை உளறினால் போதும், அதற்கப்புறம் டீமில் ஒருவரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 5: சம்பளத்தில் இருக்கும் கோணலைச் சரிசெய்யுங்கள்

பணம் முக்கியமில்லை, அங்கீகாரம்தான் முக்கியம் என்று மேடையில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேளச்சேரியில் வாடகை கட்டுகிறவருக்குப் பணம் முக்கியம். ஆனால் தொகை குறைவு என்பதை விட, அது நியாயமில்லை என்பதுதான் ஆட்களைக் கிளப்புகிறது.

மூவரில் இரண்டாமவர் ஜாவா டெவலப்பர், ஏழு வருட அனுபவம், அதில் ஐந்து எங்களோடு. டீமுக்குப் புதிதாக ஒருவரை எடுத்தோம், அதே ஏழு வருடம். அவருக்கு ப்ராஜெக்ட்டின் கோடிங்கைச் சொல்லிக் கொடுத்தது இவர்தான். மூன்றாவது வாரம் மதியச் சாப்பாட்டில் சம்பளப் பேச்சு வந்திருக்கிறது. புதியவர் இவரை விட 40 சதவீதம் அதிகம் வாங்குகிறார். இரண்டு மாதத்தில் இவர் பேப்பர் போட்டார். ஐந்து வருடம் இருந்ததற்குத் தண்டனையாக அதை அவர் எடுத்துக்கொண்டார், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது இது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒரே வேலை, ஒரே அனுபவம் உள்ளவர்களின் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தவரை விடப் பழையவர் 15 சதவீதத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் அப்ரைசல் வரை காத்திருக்காமல் திருத்துங்கள். அந்த 15 என் சொந்த அளவுகோல், உங்கள் பட்ஜெட்டுக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், படி 1-இல் 'கை ஒடிந்தது' என்று குறித்தீர்களே, அதே வகை ஆட்களிடமிருந்து தொடங்குங்கள்.

புதிதாக ஆள் எடுக்க அனுமதி கேட்கும் ரெக்விசிஷன் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: 'இந்தச் சம்பளத்துக்கு எடுத்தால் டீமில் யாருக்கெல்லாம் திருத்தம் தேவைப்படும்?' ஒரே ஒரு வரிதான், ஆனால் சிக்கலை முன்கூட்டியே மேசைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆஃபர் லெட்டரில் நேர்மை வேண்டும். சி.டி.சி. 12 லட்சம் என்று சொல்லி, அதில் 2 லட்சம் உறுதியில்லாத வேரியபிள், அப்புறம் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம் என்றால், முதல் மாதச் சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே அவர் ஏமாந்ததாக உணர்வார். கைக்கு மாதம் எவ்வளவு வரும் என்பதை ஆஃபர் கொடுக்கும்போதே ரூபாயில் எழுதிக் கொடுங்கள்.

2022 ஏப்ரலில் சென்னையின் மென்பொருள் கம்பெனியான கிஸ்ஃப்ளோ மூத்த அதிகாரிகள் ஐவருக்கு பி.எம்.டபிள்யூ. கார்கள் கொடுத்தது, ஐடியாஸ்2ஐ.டி. நூறு பேருக்கு மாருதி கார்கள் கொடுத்தது. கூடவே நின்றவர்களுக்குச் செய்த மரியாதை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 50 பேர் கம்பெனி நடத்துபவர் அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அதற்குக் காரணம் அவர்கள் கையில் இருந்த பங்குகள். உங்கள் கம்பெனி வளரும் என்று நீங்களே நம்பினால், வளர்ச்சியில் ஒரு பங்கை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். விற்க வழியே இல்லாத பங்கை மட்டும் சம்பளத்துக்குப் பதிலாகக் காட்டாதீர்கள்.

படி 6: வேலையைச் சுழற்றுங்கள்

டெவலப்பருக்குத் தன் ரெஸ்யூமே பழசாகிறது என்ற பயம் பெரிய பயம். மூன்று வருடம் ஒரே லெகசி (பழைய சிஸ்டம்) சப்போர்ட்டில் உட்கார்ந்தவர் ராத்திரியில் யூடியூபில் கிளவுட் பாடம் பார்ப்பது உங்களுக்காக அல்ல, அடுத்த இன்டர்வியூவுக்காக. யாரும் 18 மாதத்துக்கு மேல் ஒரே சப்போர்ட் வேலையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். மாற்ற நிஜமாகவே இடம் இல்லையென்றால், வாரத்தில் ஒரு நாளாவது வேறு ப்ராஜெக்ட்டில் கூட இருந்து கற்றுக்கொள்ளும் ஷேடோவாகப் போடுங்கள். பில்லிங் கெடுமே என்பார்கள். படி 2-இல் உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டிய ஆன்-கால் முறையில் ஒரே ஒருவரையே நம்பாதீர்கள். குறைந்தது நான்கு பேர் சுழற்சி, ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு, ஷிஃப்ட் அலவன்ஸ் அந்த மாதச் சம்பளத்திலேயே. அமெரிக்க க்ளையன்ட் கால் இரவு பத்தரைக்கு என்றால், அதே நபரைக் காலை ஒன்பது மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள்.

வாரம் எத்தனை நாள் ஆபீஸ் வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் முன், டீமில் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். தாம்பரத்திலிருந்து சிறுசேரி வருவதும் ஆவடியிலிருந்து சிறுசேரி வருவதும் ஒன்றல்ல. ஜோஹோ 2011-லிருந்தே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. கோவையிலும் மதுரையிலும் ஆள் எடுக்க முடியும் என்றால், சொந்த ஊரிலேயே இருக்க விரும்பும் நல்ல டெவலப்பரை ஓ.எம்.ஆர். டிராஃபிக்குக்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

படி 7: பிரசவ விடுப்பு முடிந்து வருபவருக்குத் தனியாக ஒரு திட்டம்

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லவில்லையே. டெஸ்டிங் லீட். 26 வார விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். இவருக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் கொடுத்தோம், அப்போது அதுதான் காலியாக இருந்தது. அந்த ஆண்டு அப்ரைசலில் 'ஆறு மாதம்தானே வேலை பார்த்தார்' என்று ரேட்டிங்கையும் குறைத்தார்கள். நான் போதுமான அளவு சண்டை போடவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார். பத்து வருட அனுபவமுள்ள ஒருவரை, ஒரு காலி ஷிஃப்ட்டை நிரப்பப் போய் இழந்தோம்.

இப்போது செய்வது இது. விடுப்புக்குப் போகும் முன்பே, திரும்பி வரும்போது எந்த வேலை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். விடுப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போது ஒரு முறை பேசி, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த நேரம் ஒத்துவரும் என்று கேட்கிறோம். முதல் மூன்று மாதம் இரவு கால் கிடையாது. ரேட்டிங் வேலை செய்த மாதங்களுக்கு மட்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017-லிருந்தே சட்டம். தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் அதில் உரிமை உண்டு. இதைத் தயவு செய்வதாக நினைக்கும் லீட்களுக்கு அந்த விதியை அச்செடுத்துக் கொடுங்கள்.

படி 8: பேப்பர் வந்துவிட்டால்

பேப்பர் போட்டவரை நிறுத்தச் சம்பளத்தைக் கூட்டும் கவுன்ட்டர் ஆஃபரை நான் அநேகமாகக் கொடுப்பதில்லை. நேற்று வரை இல்லாத பட்ஜெட் இன்று எப்படி வந்தது என்று அவரும் யோசிப்பார், டீமும் யோசிக்கும். பேப்பர் போட்டால்தான் ஹைக் கிடைக்கும் என்று மற்றவர்களுக்கு நாமே பாடம் நடத்தியது போலாகிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: அவருக்குரிய திருத்தம் ஏற்கெனவே எழுத்தில் நகர்ந்துகொண்டிருந்து, அவருக்கு அது தெரியாமல் இருந்தால், காட்டுங்கள்.

90 நாள் நோட்டீஸ் பீரியடைக் கயிறாகப் பயன்படுத்தாதீர்கள். முதல் மூன்று வாரத்தில் கே.டி. (தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது) திட்டத்தை முடித்துவிட்டு, முடிந்தால் முன்னதாக விடுவியுங்கள். மனசு போனவரை மூன்று மாதம் உட்கார வைத்தால் அவர் பக்கத்து இருக்கைக்காரரும் ரெஸ்யூமே எடுப்பார்.

வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் பாண்ட் விஷயத்தில் தெளிவாக இருங்கள். வேலையை விட்ட பிறகு இன்ன இடத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச காலமும், அதை மீறினால் ஒரு நியாயமான தொகையும் வேறு விஷயம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாண்ட் ஆளைத்தான் பிடித்து வைக்கும், அவர் மனசு வைத்து வேலை பார்ப்பார் என்று சொல்ல முடியாது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. அந்த வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

படி 9: போனவரோடு தொடர்பை விடாதீர்கள்

கடைசி நாளில் ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இரண்டும் கையில் இருக்க வேண்டும். மீதிக் கணக்கு முடிக்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் வரும் தேதியையும் சொல்லி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே ஒரு போன் போடுங்கள், ஹெச்.ஆர். அல்ல. புது இடத்தில் ரிலீவிங் லெட்டரைப் பற்றிய பயம் போயிருக்கும், அப்போது வருவதுதான் நிஜமான எக்ஸிட் இன்டர்வியூ. ஜாவாக்காரரின் சாப்பாட்டு மேசைக் கதையும் மெயின்ஃப்ரேம் தம்பியின் ஐந்து மாதக் காத்திருப்பும் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

அந்தத் தம்பி 2024-இல் திரும்பி வந்தார், கிளவுட் டீமுக்கு. ஆஃபர் பேசும்போது சம்பளத்தைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினார். "எந்த ப்ராஜெக்ட், எத்தனை நாளைக்குன்னு மெயில்ல போட்டுடுங்க அக்கா" என்றார். அன்று சாயங்காலமே போட்டு அனுப்பினேன்.